பூங்காவில் கருவாடு

திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில் புது வீடுகள் எப்படி அமைய வேண்டும் என்று கேட்க அதிகாரி தயாளன் வந்திருந்தார்.

"குறை வேண்டாம், ஆசையைச் சொல்லுங்க" என்றார். குறை சொல்லத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள், வேறென்ன சொல்வது? அவரே மணலில் சுண்ணாம்புப் பொடியால் வீடுகளை முழு அளவில் வரைந்து, "யோசிச்சு வைங்க" என்று கிளம்பினார்.

மறுநாள் வந்தால் கோடு போட்ட வீடு ஒவ்வொன்றிலும் ஒரு குடம். தண்ணீர் லாரிக்கு இடம் பிடிக்கிற அதே பிளாஸ்டிக் குடங்கள். பூங்கா என்று வரைந்த இடத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, இது வெறும் கோடும்மா!"

"தெரியும் சார்" என்றாள் மீன் விற்கும் தேசம்மா. "ஓரத்துல கீற பச்சக் கொடம் உனுக்கு. வூடு கட்டி முடியற வரிக்கும் நீயும் எங்ககூட இங்கயே குந்து."