உங்க பேரு இன்னாங்க?

1988 ஜூன் 13, திங்கட்கிழமை, காலை பத்து மணி, தூறல். இடஒதுக்கீட்டு மறியலால் பஸ் ஓடவில்லை. அன்புச்செல்வன் கச்சிராயபாளையத்திலிருந்து மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக் கிறித்தவப் பள்ளிக்கு வந்துவிட்டார். ஆட்டிசம் உள்ள மலர்க்கொடியை வேறெந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை.

“உன் பேரு இன்னா?” என்றார் தலைமையாசிரியர் தைரியநாதன்.

“உன் பேரு இன்னா?” என்றாள் மலர்க்கொடி.

அவர் முகம் சிவந்தது. “இன்னாய்யா, பெரியவங்களுக்கே ஒருமையா?”

“திமிரு இல்ல சார். கேட்டதையே திருப்பிச் சொல்லுவா. அதான் அவ பேச்சு. மரியாதையாக் கேட்டுப் பாருங்க!” என்றார் அன்புச்செல்வன்.

தைரியநாதன் தொண்டையைச் செருமினார். “உங்க பேரு இன்னாங்க?”

“உங்க பேரு இன்னாங்க?”

“தைரியநாதனுங்க,” என்றார் அவர், தம்மை அறியாமல் எழுந்து நின்று.

“தைரியநாதனுங்க!” மலர்க்கொடி கைதட்டிக் குதித்தாள்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “இவ வகுப்புல வாத்தியாருங்க எல்லாம் ஒழுங்காப் பேசணும் போலக்கீதே!” என்றபடி சேர்க்கை உத்தரவில் கையெழுத்திட்டு, அதை அன்புச்செல்வனின் கையில் கொடுத்தார்.