பிரயாகைக்கு ஒரு தேதி

அப்பா மறுபடியும் ரயிலை மாற்றினார். செவ்வாய்க்கிழமை வண்டி என்று முந்தின நாள் சாப்பாட்டின்போதுதான் முடிவாகியிருந்தது. காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு, அது பிரயாகைக்கு இருட்டில் போய்ச் சேரும், தெரியாத ஊரில் அந்த வேளையில் இறங்குவது புத்தியில்லை என்றார். மேசைமேல் உத்தரப்பிரதேச வரைபடம் விரிந்திருந்தது. காற்றாடிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் ஊறுகாய் ஜாடி, இன்னொன்றில் சர்க்கரை டப்பா. ஸ்கேலை வைத்து பிரயாகைக்கும் காசிக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்துகொண்டிருந்தார். முன்பே அளந்ததுதான். தலைமைச் செயலகத்தில் ஃபைல்களைத் திருப்பித் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர். எந்தத் தாளிலும் ஒரு குறை அகப்படும் அவருக்கு.

"இன்னும் பதினஞ்சு நாள் தள்ளிப் போட்டா நல்ல வண்டி இருக்கு. சாரநாத் மியூசியம் வெள்ளிக்கிழமை மூடல். அதையும் பாக்கணும். நாம போறது டூர்டா, கல்ச்சரல் டூர். கோவிலுக்கு மட்டும் ஓடிட்டு வர்ற சமாச்சாரமில்லே."

"காசி யாத்திரைன்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து.

"யாத்திரைங்கற வார்த்தையை எடுக்காதே. டூர்."

"சரி, டூர். கூலிங் கிளாஸ் வாங்கித் தாங்கோ."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இடது கையால். மூடியைத் துருவியில் அழுத்தித் திருப்பத் தெரியாமல் பாதி தேங்காய் ஓட்டிலேயே நின்றது. நான் அதைப் பார்த்தேன். அப்பா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓணம் முடிந்த வாரம் நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பகலில் வீட்டில் இருப்பவன் நான் ஒருவன். கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டேன். அமெரிக்காக்காரர்களின் மருத்துவச் செலவுகளைச் சரிபார்க்கும் வேலை. நோய்க்கு ஒரு எண், சிகிச்சைக்கு ஒரு எண். எந்த எண்ணுக்குப் பிறகு எந்த எண் வரும், எதற்குப் பிறகு கணக்கை மூடுவார்கள் என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். டாக்டர் ஒரு சின்னப் பெண். மலையாளத்தில் நிதானமாக விளக்கினாள். மார்பில் இருப்பது என்ன, அக்குளுக்கு எவ்வளவு வந்திருக்கிறது, மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை. அவள் பேசப் பேச என் தலைக்குள் எண்கள் ஓடின. இது தேறக்கூடிய வரிசை. தாமதமானால் வேறு வரிசை. அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "முடி எப்போ போகும்?"

இரண்டாவது மருந்துக்குள் போய்விடும், பிறகு முளைக்கும், கவலை வேண்டாம் என்று டாக்டர் அவள் கையைத் தட்டினாள். அழகைப் பற்றிய கவலை என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆட்டோ கரமனைப் பாலத்தில் நெரிசலில் நின்றபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"பிரயாகைல வேணி தானம் பண்ணணும்டா. அதுக்கு முடி வேணும்."

எங்கள் தெருவில் இதை விளக்க வேண்டியதில்லை. கங்கையும் யமுனையும் சேரும் இடத்தில், கணவன் மனைவியைத் தன் முன்னால் உட்கார்த்தி, தலை வாரிப் பின்னிப் பூ வைத்து, பின்னலின் நுனியைக் கத்தரித்து ஆற்றில் விடுவான். மற்ற இடங்களில் மிதக்கிற முடி அங்கே மூழ்கிவிடும் என்று சொல்வார்கள். சுமங்கலியாக இருக்கும்போதுதான் செய்ய முடியும். அம்மாவின் ஓர்ப்படி, நாத்தனார் எல்லோருக்கும் ஆகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். லீவு இல்லை, பையனுக்குப் பரீட்சை, மழை, வெயில் என்று போய்விட்டது.

"முடி முளைச்சதும் போயேன்" என்றேன்.

"முளைக்கறப்போ நான் இருக்கணுமோல்லியோ? மொட்டைத் தலையோட செத்தேன்னா நம்ம தெருவுல என்ன பேசுவா தெரியுமா? ஒரு வாரம். போயிட்டு வந்துடறேன். வந்த மறுநாள் ஊசி. அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடப்படாது. தெரிஞ்சா டிக்கெட்டைக் கிழிச்சுட்டு என்னைக் கட்டில்ல கெட்டிப் போட்டுடுவார்."

டாக்டரிடம் ஃபோனில் கேட்டேன். ஒரு வாரம் என்றால் சரி, அதற்கு மேல் கூடாது என்றாள். இரண்டு ஊர், ஐந்து நாள், விமானத்தில் போனால் அலைச்சலும் குறைவு. எனக்கு அது நியாயமாகவே பட்டது. அப்பாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மா கேட்டதும் அன்றைக்கே அவர் சரி என்று சொன்னார். அம்மா தட்டில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள். மறுநாள் வரைபடம் வந்தது. அதன் பிறகு நவராத்திரி வந்தது. இங்கே கோட்டைக்குள் கச்சேரி நடக்கும்போது ஊரை விட்டுப் போவதா என்றார். பிறகு பாலக்காட்டிலிருந்து சுந்தரராமன் சித்தப்பாவும் சித்தியும் கூட வருவதாக ஆயிற்று. அவர்களுக்காகக் காத்திருந்தோம், அவர்கள் வரவில்லை. விமானம் பார்த்தேன். அல்பசி ஆறாட்டு நாளில் சாமி கடலில் நீராடப் போகும் ஊர்வலத்துக்காக ஓடுபாதையை மூடுவார்கள், நேரமெல்லாம் குழம்பும் என்றார். அடுத்து தீபாவளி. தீபாவளி கழிந்ததும் வடக்கே புகையும் பனியும். பிரயாகைக் கோட்டைக்குள் இருக்கும் ஆலமரத்தைப் பற்றியும் காசியில் தமிழ்க்காரர்கள் இருக்கும் தெருவைப் பற்றியும் வாசித்து வாசித்து அவருக்கு எல்லாம் மனப்பாடம். போகாமலே வழி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

அம்மாவால் அவசரப்படுத்த முடியவில்லை. அவசரப்பட்டால் ஏன் என்று கேட்பார். ஒவ்வொரு தேதி தள்ளிப்போகும்போதும் "சாரமில்லே, பரவாயில்லே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். வலது கை மெல்ல வீங்கியது. வளையல் இறுகியபோது சோப்புப் போட்டுக் கழற்றி, சாலை பஜாரில் பெரிய அளவில் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கொடியில் துணி உலர்த்த என்னைக் கூப்பிட்டாள். தினமும் தலைக்கு எண்ணெய் தடவிக்கொள்வதை மட்டும் யாரிடமும் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்புகளை நான் துண்டித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள் மதியம் பழவங்காடியில் சுஜினின் டிராவல்ஸுக்குப் போனேன். சுஜின் என்னோடு ராத்திரி ஷிஃப்டில் இருந்தவன், பாறசாலைக்காரன். எனக்கு முன்பே வேலையை விட்டு, கணபதி கோவிலுக்கு எதிர்ச்சாரியில் மாடியில் ஒரு மேசை போட்டிருந்தான்.

"எடே வெங்கிட்டு, ஒரு காரியம் சொன்னா கோவப்படாத. ஒங்க அப்பாக்குப் போவ மனசில்ல, கேட்டியா?"

"அவர் ஊரு மேப்பையே கரைச்சுக் குடிச்சுண்டிருக்கார்."

"மேப்பு கெடக்கட்டு. போவணும்னு உள்ளவன் எப்பம் ஏறணும்னு கேப்பான். இவரு வந்து உக்காந்த ஒடனே கேன்ஸல் செய்தா எவ்வளவு பிடிப்பீங்கன்னாக்கும் கேட்டாரு. அதும் ரெண்டு மட்டம். நான் கல்யாணப் பார்ட்டி, ஹனிமூன் பார்ட்டி, எல்லாம் பாத்தாச்சு. இது வேற கேஸு."

"இங்கே வந்தாரா? எப்போ?"

"டெய்லி வாராரு. இங்க இல்ல, அங்க." ஜன்னல் வழியாகக் கோவிலைக் காட்டினான்.

கீழே இறங்கினேன். தேங்காய் உடைக்கும் இடத்தில் அப்பா நின்றிருந்தார். ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்திருந்தார். சபரிமலைக்காரர்களின் கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போனது. உடைந்த ஓடுகளுக்கு நடுவே தேங்காய்த் தண்ணீர் வெயிலில் புளித்து நாறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், அலுவலக நேரத்தில் டீக்கடையில் அகப்பட்டவர் மாதிரி சிரிக்கப் பார்த்தார்.

"உங்களுக்குக் காசிக்குப் போக இஷ்டமில்லேன்னா நேராச் சொல்லிடுங்கோ" என்றேன்.

அவர் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போயிட்டு வந்தவாளைப் பாத்திருக்கியோ? எங்கண்ணா திரும்பி வந்து, கொண்டுவந்த கங்கைச் சொம்பை உடைச்சுப் பூஜை பண்றதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தார். மன்னி அடுத்த மாசம். கிழக்காத்துப் பஞ்சாபகேசன் ஸ்டேஷன்லேர்ந்து ஆத்துக்கு வந்து சேரலே. எல்லாம் ஆயாச்சுன்னு ஒரு நிம்மதி வந்துடறது. அப்பறம் உடம்பு நிக்கறதில்லே."

"வயசானவா போனா. அதுக்கும் காசிக்கும் என்ன?"

"உங்கம்மா இடது கையால தேங்காய் துருவறா" என்றார் அப்பா. "பெரிய வளையல் வாங்கியிருக்கா. குளிச்சுட்டு வரதுக்கு நேரமாறது. என்னன்னு நான் கேக்கலே. கேட்டா சொல்லிடுவா. அவளுக்கு இந்த ஒரு ஆசைதான் பாக்கி. அது பாக்கி இருக்கற வரைக்கும் அவ போகமாட்டா. அதான் தள்ளிண்டே இருக்கேன். ஆயுசு பூரா தள்ளுவேன்."

அவர் கண்ணில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. கஷ்டமான ஒரு ஃபைலை யாருக்கும் தெரியாமல் மேசையிலேயே வைத்துக் காப்பாற்றிவிட்டவருடைய கெட்டிக்காரத்தனம். அதை உடைப்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அம்மாவுக்குக் கேன்ஸர்பா. மருந்து ஆரம்பிக்கலே. ஆரம்பிச்சா முடி கொட்டிடும், வேணி தானம் பண்ண முடியாது. டூர் போயிட்டு வந்துதான் ஊசி போட்டுப்பேங்கறா. நீங்க தள்ளத் தள்ள அவ ஊசி போட்டுக்காம காத்துண்டிருக்கா."

பின்னால் இருந்த ஒருவன் மலையாளத்தில் சத்தம் போட்டான். "சாமி, ஒண்ணுகில் உடைக்கணும், இல்லெங்கில் மாறணும்."

அப்பா நகர்ந்துகொண்டார். தேங்காயை உடைக்கவும் இல்லை, கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டே கரமனை பஸ்ஸில் ஏறினார். ஆரியசாலை தாண்டியபோது, "எப்போலேர்ந்து?" என்றார்.

"ஓணத்துலேர்ந்து."

"நீயும் சேர்ந்துண்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். இறங்கும் இடம் வந்ததும் தேங்காயை மறு கைக்கு மாற்றிக்கொண்டு எழுந்தார்.

நான் பாலத்தடியில் நின்று டாக்டரைக் கூப்பிட்டேன். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கத்தினாள். ஒரு வாரம் அவகாசம் என்பதெல்லாம் அன்றைக்குச் சொன்னது, இப்போது அந்த ஒரு வாரமும் இல்லை, நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

வீட்டில் அப்பா அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, "திங்கக்கிழமை ஃப்ளைட்ல போறோம்" என்றார். அம்மா மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் கை கழுவப் போனதும், "சொல்லிட்டயா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன். டாக்டர் நாளைக்கே வரச்சொல்றா."

"பின்னே ஏன் இவர் இன்னும் என்னைக் கெட்டிப் போடலே?" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "திங்கக்கிழமைன்னு அவர் வாயால சொல்லியாச்சு. இனி டாக்டர் பேச்சு எடுக்காதே. மதி, போறும்" என்றாள்.

வாக்குவாதம் பண்ணிப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகும் அவள் பெட்டியை இறக்கச் சொன்னாள். அப்போதே அவளை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம், போவதென்றால் சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்பதுதான்.

மறுநாள் மத்தியானம், அம்மா காற்றாடிக்குக் கீழே தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். விரித்துவிட்ட முடி தலையணையைத் தாண்டிக் கிடந்தது. திங்கட்கிழமைக்கு மூன்று இடம் கிடைத்தது. பெயர், வயது எல்லாம் அடித்து, அப்பாவின் கார்டு எண்ணையும் போட்டேன். ரகசிய எண் அவர் ஃபோனுக்குப் போகும். லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

அப்பா ஜன்னலுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய வேட்டியைக் கிழித்து மூன்று நாடாக்களாக ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார். வலது நாடாவை நடுவில் போட்டார். இடதை அதன்மேல் போட்டார். பிறகு எதைப் போடுவது என்று தெரியாமல் விழித்தார். மூன்றும் விரல்களுக்குள் சிக்கியிருந்தன.

"ஃபோனுக்கு நம்பர் வந்திருக்கும். சொல்லுங்கோ."

"இரு. இப்போ நடுவுல இருக்கறது எந்தப் பக்கம் போகணும்?"

பக்கத்து மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த ஃபோன் உறுமி அடங்கியது. திரையில் மீதமிருந்த நேரம் குறைந்துகொண்டு வந்தது.

"அப்பா, டைம் போயிடும். இடம் போயிடும்."

"அவ தலையைக் கையில எடுத்துண்டு எல்லார் முன்னாடியும் தடுமாறப்படாதுடா. இத்தனை வருஷத்துல ஒரு நாள் பின்னி விட்டதில்லே." அவர் திரும்பவில்லை. "இன்னும் சரியா வரலே."

ஃபோனை எடுக்கக் கை நீட்டினேன். அவர் முழங்கை அதன்மேல் வந்து அமர்ந்தது. வேண்டுமென்று வைத்தாரா, நாடாவை இழுக்கும்போது தானாக வந்ததா, தெரியவில்லை. கூடத்தில் அம்மா புரண்டு படுக்கும் சத்தமும் பெரிய வளையல்கள் தரையில் மோதும் சத்தமும் கேட்டன. அப்பா பின்னியதை நுனியிலிருந்து மெல்லப் பிரித்தார். மூன்று நாடாக்களும் தனித்தனியே தொங்கின. உள்ளங்கையால் அவற்றைத் தடவி நேராக்கிவிட்டு, மேலே கம்பிக்குப் பக்கத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.