கத்தரி வெட்டிய விமானம்

அந்த விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வானிலை கெட்டால் எந்த விமானத்தை விடுவது, எதை நிறுத்திவைப்பது, எதை வெட்டுவது என்று முடிவெடுக்கிற நாற்காலி அவளுடையது. வாயும் அதற்கேற்ற வாய். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

அன்று காலை மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே நின்ற விமானத்தின் வால்கூடத் தெரியவில்லை. வழக்கமாக இறங்குவதில் பாதிக்குத்தான் இன்று இடம் என்று விமான நிலையம் கையை விரித்துவிட்டது. பலவற்றைத் தாமதமாக்கி ஒருவழியாகச் சமாளித்தாயிற்று. இன்னும் ஒன்றை ரத்து செய்தே தீர வேண்டும்.

மிஞ்சியவை இரண்டு. பெரிய நகரத்திலிருந்து மணிக்கொன்றாக வருகிறவற்றில் ஒன்று. இன்னொன்று, சின்ன ஊரிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வருகிற குட்டி விமானம். அந்தக் குட்டியில் அவளுடைய அம்மா வருகிறாள்.

வருகிறாள் என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது. ஊழியர் குடும்பத்து டிக்கெட். மற்றவர்கள் எல்லாரும் ஏறியபின் சீட் மிச்சமிருந்தால்தான் உண்டு. காலை விமானத்தை வெட்டினால் அந்தக் கூட்டம் மாலை விமானத்தை நிரப்பிவிடும். அம்மா வாசலோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஓட்டலில் துணி துவைக்கிறவள், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய விடுப்பு இன்று ஒரு நாள்தான். மகள் எந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

போன் அடித்தது.

“பாப்பா, இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“ப்ளேன விடறதே எம்பொண்ணுதான்னு. ஒருத்தர் எந்திரிச்சு இடம் குடுத்தாரு.”

“அம்மா, கொஞ்சம் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

“உன் வாயி எங்கேருந்து வந்துச்சாம்?”

போனை வைத்துவிட்டுத் திரையை முறைத்தாள். வீட்டில் முதல் பட்டதாரி அவள். கல்லூரி வாசலிலிருந்து வேலைக்கான நேர்காணல்வரை, சிபாரிசோடு வந்தவர்கள் வரிசையைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள். தன்னை ஒருத்தரும் அப்படி ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. குட்டி விமானத்துக்கு நேரே ‘ரத்து’ என்று குறித்தாள். அனுப்புவதுதான் பாக்கி.

“எதுக்குடி அத வெட்டுற?” பக்கத்து மேசையில் விமானிகளின் வேலை நேரத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா கேட்டாள்.

“எங்கம்மா அதுல வராங்க.”

“அது ஒரு காரணமா?”

“நாளைக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுக்கா.”

அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். “சரி, உங்கம்மா வரல. வீட்ல இழுத்துப் போத்தித் தூங்கறாங்க. இப்ப சொல்லு, எத வெட்டுவ?”

நகரத்து விமானத்தை வெட்டினால் அடுத்தடுத்த விமானங்களில் காலி சீட்டுகள் இருந்தன. மதியத்துக்குள் எல்லாரும் வந்துவிடலாம். சின்ன ஊர்க்காரர்களுக்குச் சாயங்காலம்வரை வேறு நாதியில்லை. இங்கே இறங்கிய கையோடு அதே குட்டி விமானம்தான் இன்னோர் ஊருக்குப் போகவேண்டும். இது வராவிட்டால் அதுவும் அம்பேல்.

“நகரத்தத்தான்.”

“அப்பறம் என்ன? உன் ரோஷத்துக்கு அந்த ஜனங்க ஏன் நாள் பூரா உக்காரணும்? அம்மாவுக்காகக் காப்பாத்தினா அது அம்மாவுக்குச் சிபாரிசு. உன் பேருக்காக வெட்டினா அது உனக்குச் சிபாரிசு.”

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. குறித்ததை அழித்துவிட்டு எழுந்து மேலாளரிடம் போனாள்.

“நகரத்து விமானமா? அதுல நம்ம இயக்குநர் வராரும்மா” என்றார் அவர்.

“இதுல எங்கம்மா வராங்க சார். ரெண்டு பேரையும் இறக்கி விட்டுட்டுப் பாருங்க. எத வெட்டுவீங்க?”

மேலாளர் திரையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “வெட்டு. இயக்குநர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“நானே பேசறேன் சார்.”

“வேண்டாம் தாயே. நீ பேசினா நாம எல்லாருமே ரத்து.”

பனி விலகி, குட்டி விமானம் ஆடி அசைந்து வந்து இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவள் பயணிகள் வெளிவரும் வாசலுக்கு ஓடினாள். வந்த கூட்டத்தில் அம்மாவைக் காணோம். சீட் கிடைக்கவில்லையோ என்று எக்கி எக்கிப் பார்த்தாள். கடைசியாக அம்மா வந்தாள், பின்னால் ஒரு சிறு படையோடு.

“இவதாங்க. லேட் பண்ணது இவதான். கேட்டுக்குங்க.”

படையின் முன்னால் நின்ற பெரியவர் கேட்டேவிட்டார். “ஏம்மா, இவ்வளவு நேரம் உக்கார வெச்சியே, எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

நாக்கு நுனிவரை வந்த பதிலை அவள் விழுங்கினாள். இதுவரை அவள் வெட்டியதெல்லாம் திரையில் ஒரு கோடு. கோடு இப்போது கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறது.

“சொல்லிருக்கணும்ங்க. தப்புதான். ஆனா உங்க விமானத்த மொத்தமா வெட்டறதாத்தான் இருந்தேன்.”

பெரியவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“உண்மையத்தான் பேசுவா. கொஞ்சம் கூடவே பேசுவா” என்றாள் அம்மா.

கட்டுப்பாட்டு அறைக்குள் வந்ததும் அம்மா கத்தரியின் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் தடவிப் பார்த்தாள். கழிப்பறைக்குப் பக்கத்தில் கிடைத்த கடைசி சீட்டைப் பற்றி அக்காவிடம் அரண்மனைக் கதை மாதிரி சொன்னாள். அப்புறம் மகளைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சாயங்காலம் நான் திரும்பிப் போற ப்ளேன வெட்டிடேன். பனின்னு ஓட்டல்ல சொல்லிக்கறேன். நாளைக்கும் இருந்துட்டுப் போறேன்.”

“அம்மா, அதுக்குப் பேருதான் சிபாரிசு.”

“பெத்தவளுக்கு இல்லாத சிபாரிசா?” என்று அம்மா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.