இரண்டாவது கேபிள்

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். பல்கலைக்கழகக் கணினி மையத்தின் கீழ்த்தளத்தில் நசுருதீன் தன் அளவுப் பெட்டியின் திரையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எண் மாறவில்லை.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்க. பதினாலு கிலோமீட்டர்னு காட்டுது."

பானுமதி தன் மேசையிலிருந்து நிமிர்ந்தாள். "முதல் லைனைச் சொருகியிருப்பீங்க பாய். ரெண்டாவது முப்பத்தெட்டு வரணும்."

"ரெண்டாவதுலதான் சொருகியிருக்கேன். மூணு தடவை பாத்துட்டேன்."

அந்தப் பெட்டி கண்ணாடி இழைக்குள் ஒரு ஒளித் துடிப்பை அனுப்பும். மறுமுனையில் பட்டு அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, இழையின் நீளத்தைச் சொல்லிவிடும். நசுருதீன் இருபத்திரண்டு வருடமாகத் திருச்சி முழுக்கக் கேபிள் இணைக்கிறவர். அவர் பெட்டி இதுவரை பொய் சொன்னதில்லை.

பானுமதிக்கு நாற்பத்தேழு வயது. மன்னார்புரம் தாண்டி இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க் பொறுப்பு முழுவதும் அவளுடையது. நாட்டின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைக்கும் அதிவேக லைன் சென்னையிலிருந்து அவள் கட்டடத்துக்கு வரும். அங்கிருந்து காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் உள்ள ஆற்று ஆய்வு நிலையத்துக்கும் இரண்டு கல்லூரிகளுக்கும் போகும். அதன் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டும் வேலைக்கு ஒன்றரை வருடமாகக் கடிதம் எழுதி, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தேதி கிடைத்திருந்தது. சென்னையிலிருந்து ஆட்கள் வந்து கருவிகளை மாற்றுவார்கள். பாலத்தின் ஓரக் குழாயில் கிடக்கும் பழைய கேபிளை உருவிவிட்டுப் புதியதை இழுப்பார்கள். அந்த எட்டு மணி நேரமும் எல்லாம் இரண்டாவது வழியில் ஓடும். ஜீயபுரம், முக்கொம்பு என்று மேற்கே போய், அணையைத் தாண்டி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவின் உள்பக்கமாக ஸ்ரீரங்கம் வந்து சேரும் வழி அது. முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

திரையில் இருந்ததோ பதினான்கு. முதல் லைனின் நீளமும் அதேதான்.

"ரெண்டும் ஒரே கேபிள்ல இருக்கு மேடம்" என்றார் நசுருதீன். "பாலத்துக் கேபிள்லயே மிச்சம் கிடந்த ரெண்டு இழையை இணைச்சுக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. முக்கொம்புப் பக்கம் எதுவும் போகலை. பாலத்துக் கேபிளை உருவினா ரெண்டு லைனும் போயிடும்."

பானுமதி அலமாரியைத் திறந்து பழைய கோப்பை எடுத்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய மார்ச் முப்பதாம் தேதி. காண்டிராக்டர் தந்த வரைபடத்தில் 38.2 என்று அழகாக அச்சாகியிருந்தது. அது எந்த ஊர் லைனில் எடுத்ததோ. 'நேரில் சோதித்தேன், சரியாக உள்ளது' என்ற வரிக்குக் கீழே அவளுடைய கையெழுத்து. அப்போது அவள் வேலை நிரந்தரமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்துக்குப் போய் அளக்க அரை நாள் வேண்டும். மறுநாள் கணக்கு முடிகிறது, போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று அப்போதிருந்த மேலதிகாரி சொன்னார். அவளும் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்தக் காண்டிராக்டரின் கம்பெனி இப்போது இல்லை.

கோப்பை அவள் நசுருதீனிடம் காட்டினாள். அவர் கையெழுத்தைப் பார்த்தார். கோப்பை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமைதானே மேடம். எட்டு மணி நேரம் லைன் இருக்காதுன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடுங்க. புதுக் கேபிள் வந்தப்புறம் பழசை யாரு தோண்டிப் பாக்கப்போறா."

அவளைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று பானுமதிக்குத் தெரிந்தது. அப்படிச் செய்துவிடலாம் என்றும் தோன்றியது. மெயிலை எழுதக்கூடத் தொடங்கினாள். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்பது வரை வந்து கை நின்றது. ஆற்று ஆய்வு நிலையத்துக்கு அந்த எட்டு மணி நேரம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. போனில் கேட்டால் தன் குரலே காட்டிக் கொடுத்துவிடும் போலிருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம். பாலத்தின் மேல் போகும்போது காவிரி இரு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஆய்வு நிலையம் ஸ்ரீரங்கத்தின் வடக்கு ஓரத்தில், கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். அதன் தலைவி டாக்டர் லூர்துராணி ஐம்பதைத் தாண்டியவர். சுவர் முழுக்கத் திரைகள் இருந்த அறையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனில் யாரிடமோ வாழைத்தோப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க பானுமதி. ஞாயித்துக்கிழமை வேலையெல்லாம் தயாரா?"

"அதைப் பத்தித்தான் கேக்க வந்தேன் மேடம். அன்னிக்கு எட்டு மணி நேரம் லைன் சுத்தமா இல்லேன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

லூர்துராணி கண்ணாடியை இறக்கினார். "வேற எந்த ஞாயித்துக்கிழமைன்னாலும் ஒண்ணும் ஆகாது. இந்த ஞாயித்துக்கிழமைன்னா கஷ்டம். மேட்டூர்ல காலையில ஒரு லட்சத்து இருபதாயிரம் கன அடி திறந்துட்டாங்க. நாளன்னிக்கு அது இங்க இருக்கும். உபரியெல்லாம் முக்கொம்புல கொள்ளிடத்துக்குத்தான் திருப்புவாங்க."

திரைகளைக் கையால் காட்டினார். கரை நெடுகப் பதினோரு இடத்தில் கேமராக்களும் நீர்மட்டக் கருவிகளும் இருந்தன. அவை அனுப்புவதையெல்லாம் பெங்களூரில் இருக்கும் ஒரு பெரிய கணினிக்கு இவர்கள் அனுப்புவார்கள். தண்ணீர் எந்த ஊர்க் கரையை எத்தனை மணிக்கு ஏறும் என்று கணக்குப் போட்டு, அது மணிக்கு ஒருமுறை திருப்பி அனுப்பும். அதைப் பார்த்து லூர்துராணி கரையோர ஊர்களுக்கும் தாலுகா ஆபீசுக்கும் சொல்வார்.

"மொபைல் லைன்ல அனுப்ப முடியாதா மேடம்?"

"ஒரு மணி நேரத்துக்கு நாப்பது ஜிபி. முயற்சி பண்ணியிருக்கோம், பாதியிலேயே நின்னுடும். அதனாலதான் முதல்லயே உங்களைக் கேட்டேன். ரெண்டாவது லைன் இருக்கு, ஒரு நிமிஷம்கூட நிக்காதுன்னு நீங்க மெயில் போட்டிருக்கீங்களே."

"இருக்குன்னு நெனச்சுத்தான் போட்டேன் மேடம். காலையிலதான் தெரிஞ்சுது. அப்படி ஒரு லைன் இல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பு, 38.2, மார்ச் முப்பது, கையெழுத்து. லூர்துராணி முழுவதும் கேட்டார்.

"டீ சாப்பிடுறீங்களா?" என்றார் கடைசியில்.

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள்.

"வேலையைத் தள்ளிப் போடுங்கன்னு நானே உங்க டைரக்டருக்கு எழுதலாம். வெள்ளம் வருது, அது போதும் காரணம். உங்க பேரு வெளிய வராது" என்றார் லூர்துராணி. "ஆனா வேலையைத் தள்ளிப் போட்டா மட்டும் போதாது. அடுத்த தேதியிலயும் அந்த லைன் இருக்காது. அதை நீங்கதான் சொல்லணும்."

பானுமதி தலையாட்டினாள்.

திரும்பி வந்ததும், எழுதியிருந்த மெயிலை அழித்துவிட்டு டைரக்டர் தர்மராஜுக்கு ஆறு வரியில் ஒன்று எழுதினாள். பழைய சான்றிதழையும் நசுருதீனின் அளவையும் சேர்த்து அனுப்பினாள். நான்கு மணிக்கு அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

தர்மராஜ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அச்செடுத்த தாளை மேசைமேல் வைத்திருந்தார்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா சார்."

"நேர்ல போய் அளக்கலையா?"

"இல்ல சார்."

அவர் தாளைத் திருப்பி வைத்தார். "நீங்க சொல்லலேன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது சார். ஆனா ஞாயித்துக்கிழமை வேலைக்கு முன்னாடி இன்னொரு படிவம் இருக்கு. மாற்று வழி தயார்னு நான் கையெழுத்துப் போடணும். போன தடவை தெரியாம போட்டேன். இந்தத் தடவை தெரிஞ்சே போட முடியலை."

தர்மராஜ் சென்னைக்குப் போன் செய்தார். அந்தக் குழுவுக்கு வேறு வேறு ஊர்களில் வரிசையாக வேலை இருந்தது. இந்தத் தேதியை விட்டால் நான்கு வாரம் கழித்துத்தான் வர முடியும் என்றார்கள். அவர் சரி என்று வைத்தார்.

"உங்களுக்கு மெமோ வரும்" என்றார். "அது வந்துதான் ஆகணும். ரெண்டாவது கேபிள் எங்க நிக்குதுன்னு முதல்ல கண்டுபிடிங்க."

சனிக்கிழமை காலையிலேயே வேலை தள்ளிப்போன செய்தி பரவிவிட்டது. இயற்பியல் துறைத் தலைவர் சிவசங்கர், தன் மாணவர்கள் புது வேகத்தை நம்பி ஜெனீவாவின் அணு ஆய்வுக்கூடத்திலிருந்து தரவு இறக்கத் திட்டம் போட்டிருந்ததாக எல்லோருக்கும் நகல் வைத்து மெயில் அனுப்பினார். காரணத்தையும் கேட்டிருந்தார். பானுமதி காரணத்தை அப்படியே பதிலில் எழுதினாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேண்டீனில் மட்டும் அவள் போனதும் பேச்சு ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தது. பகல் முழுவதும் பழைய லைன் நிற்காமல் ஓடியது. மூன்று மணிக்கு வந்த கணக்கில், கிழக்கே தாழ்வான ஒரு படுகைக்குப் பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று இருந்தது. லூர்துராணி போன் செய்தார். அங்கிருந்த ஏழு குடும்பத்தினரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். ஆறரை மணிக்கு அங்கிருந்த வாழைத்தோப்பில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மறுநாள் இதைச் சொல்லிவிட்டு, "அவங்க எப்படியும் தப்பிச்சிருப்பாங்க பானுமதி, ஆத்தைப் பாத்தே வளந்தவங்க. மாடுகளைப் பத்தித்தான் சொல்ல முடியாது" என்றார் லூர்துராணி.

அந்த வாரம் பானுமதியும் நசுருதீனும் கேபிளைத் தேடிக் கிளம்பினார்கள். கரூர் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தி நிறுத்தி, சாலையோரத்து சிமென்ட் குழிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். முத்தரசநல்லூரில் கேபிள் இருந்தது. ஜீயபுரத்திலும் இருந்தது. ஒரு குழிக்குள் சாரைப்பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. அது தானாக வெளியேறும்வரை இருவரும் புளியமரத்தடியில் நின்று வெள்ளரிக்காய் தின்றார்கள்.

முக்கொம்பில், அணைக்குச் சற்று முன்னால் இருந்த குழியைத் திறந்ததும் நசுருதீன் "இங்க பாருங்க" என்றார். உள்ளே கேபிள் வட்டமாகச் சுற்றிக் கட்டப்பட்டு, முனையில் மெழுகுத் துணி சுற்றிக் கிடந்தது. அணையைத் தாண்டித் தீவுப் பக்கம் போய்த் தேடினார்கள். அங்கேயும் ஒரு குழியில் அதே போல ஒரு சுருள். நடுவே அணையின் மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டும் போடவே இல்லை. அணையில் கேபிள் கட்டத் தனி அனுமதி வேண்டும். காண்டிராக்டர் அதற்குக் காத்திருக்காமல் முடித்துவிட்டதாகக் காட்டிப் போயிருக்கிறார்.

"ஒரு நாள் வந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் பாய்."

"ஆமா மேடம்" என்றார் நசுருதீன். அதற்கு மேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அனுமதிக்கான கடிதத்தைப் பானுமதி எழுதினாள். வெள்ளத்தின்போது இந்த லைன் ஏன் தேவை என்று லூர்துராணி ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். தர்மராஜ் தானே கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனார். ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது. அதற்குள் தண்ணீரும் வடிந்திருந்தது. நசுருதீனின் ஆட்கள் நான்கு நாளில் அணையின் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கேபிளைக் கட்டி முடித்தார்கள். இரண்டு முனைகளையும் அவரே உட்கார்ந்து இணைத்தார். பானுமதி ஸ்ரீரங்கத்துக்குப் போய், அந்த முனையிலிருந்து தன் கையாலேயே அளந்தாள். முப்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டியது.

இடையில் மெமோவும் வந்தது. கடமையில் கவனக்குறைவு என்று பணிப்பதிவேட்டில் ஏறியது. பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அன்று மாலை வீட்டில் கணவர் செந்தமிழனிடம் காட்டினாள். அவர் முழுவதும் படித்துவிட்டு, "இதுக்கு மேல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "இல்ல, இவ்வளவுதான்" என்றாள். அவர் அதை மடித்துக் கொடுத்துவிட்டு, சப்பாத்திக்கு மாவு பிசையப் போனார்.

நான்கு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கியது. எல்லாம் முக்கொம்பு வழியாகத் திரும்பியது. பாலத்தின் குழாயிலிருந்து பழைய கேபிளை உருவினார்கள், புதியது உள்ளே போனது. ஸ்ரீரங்கம் முனையில் பானுமதி திரையைப் பார்த்தபடி இருந்தாள். லூர்துராணியின் கேமராப் படங்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குப் போனில் சென்னையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"புது லிங்க் சுத்தமா இருக்கு மேடம். முழு வேகத்துக்கு ஏத்தலாமா?"

"ஏத்துங்க" என்றாள் பானுமதி.

வழக்கமாக முக்கால் மணி நேரம் போகும் ஒரு கோப்பை லூர்துராணி பெங்களூருக்கு அனுப்பிப் பார்த்தார். ஐந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் ஏதோ நடக்கும் என்பது போல எல்லோரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நசுருதீன் தன் பெட்டிகளை வேனில் ஏற்றினார். புதுக்கோட்டையில் அவருக்கு வேறு வேலை இருந்தது. "வரேன் மேடம்" என்று கிளம்பினார்.

பானுமதி சாப்பிட்டுவிட்டு வரும்போது ஸ்கூட்டர் பஞ்சராகியிருந்தது. அதை நிலையத்திலேயே விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினாள். ஜன்னலோர சீட் கிடைத்தது. பஸ் பாலத்துக்கு வருவதற்குள் தூங்கிவிட்டாள். இறங்கி வேறு பஸ் மாற வேண்டிய இடம் தூக்கத்திலேயே தாண்டிப் போனது. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து கம்பியை லேசாகத் தட்டினார்.

"அக்கா, பஸ் இதோட நிக்குது. எங்க போகணும்?"

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "மன்னார்புரம்" என்றாள்.

"அதுக்கு அந்தப் பக்கம் நிக்கணும். அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு வரும்."

"சரிங்க" என்று இறங்கி, சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றாள்.