சிவசிதம்பரத்தின் இடத்தில் ஒரு கையெழுத்து

இரங்கல் கூட்டத்துக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்று ரப்பர் தோட்டத்துப் பெண் பஞ்சாலை, வாசலில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதச் சம்பளக்காரர்கள், நிலம் உள்ளவர்கள், கடைக்காரர்கள். இத்தனை பேரில் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். ரவிக்கைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஜாமீன் பாரம், போலீசு கொடுத்த அந்த அச்சடித்த தாள், வியர்வையில் ஊறிவிடுமோ என்று பயந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்தாள். முடிந்ததை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி முடிந்தாள். தோட்டத்து லோரி நாலரைக்குக் கிளம்பிவிடும். ஆறு மணிக்கு மேல் தோட்டத்துக் கம்பிவேலிக்கு வெளியே இருப்பவரைச் சுட்டாலும் கேட்பாரில்லாத அவசரகாலம் அது.

நகரசபைத் தலைவர் சிவசிதம்பரம் மாரடைப்பில் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவரோடு, அவள் புருஷன் சன்னாசிக்கு அவர் கொடுத்திருந்த ஜாமீனும் போய்விட்டது. திங்கட்கிழமைக்குள் சம்பளமோ நிலமோ உள்ள வேறொருவர் கையெழுத்துப் போடாவிட்டால் சன்னாசி திரும்பவும் தடுப்பு முகாமுக்குப் போகவேண்டியதுதான் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். முகாமுக்கு அடுத்தது கப்பல். இந்தியாவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சன்னாசி அந்த ஊரைக் கைக்குழந்தையாக விட்டு வந்தவன். பஞ்சாலை அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவன் செய்த குற்றம் என்னவென்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, வேலைக்குப் போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்பிய நாட்களில் ஒருநாள், சன்னாசி ரப்பர்ப் பால் வெட்டும் மர நிரையில் ஒரு மரத்தடியில் துணியில் சுருட்டிய அவித்த மரவள்ளிக்கிழங்கு கிடந்தது. வைத்தது யாரோ, மாட்டிக்கொண்டது இவன். ஏழு மாதம் உள்ளே இருந்தான்.

அவனை வெளியே எடுத்தவர் சிவசிதம்பரம். அவர் ஒன்றும் சன்னாசிக்குச் சிநேகிதர் இல்லை. வேலிக்குள் முதல் தண்ணீர்க்குழாய் வந்தபோது மாலை, மேளம், ரிப்பன் எல்லாம் வைத்துத் திறப்புவிழா நடந்தது. தலைவர் குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. எல்லோரும் கைதட்ட, சன்னாசி மட்டும் கூட்டத்தில் எழுந்து, தண்ணி எங்க ஐயா என்று கேட்டான். மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. இவன் தொலைந்தான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் பழைய குடையும் இரண்டு குழாய்க்காரர்களுமாக அவர் வந்து இறங்கினார். தண்ணீர் வரும்வரை வெயிலில் நின்று அவர்களைத் திட்டித் தீர்த்தார். வந்த தண்ணீரில் முதல் வாளியைச் சன்னாசி தலையில்தான் ஊற்றச் சொன்னார். பிறகு அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆன சேதி காதில் விழுந்ததும் நேரே போலீசுக்குப் போய், பஞ்சாலையை வைத்துக்கொண்டே சொன்னார்.

"என்ர முகத்துக்கு நேர தண்ணி எங்கையெண்டு கேட்டவன், ஒளிச்சு ஒரு காரியம் செய்ய மாட்டான். இவனுக்கு நான் பொறுப்பு."

அந்த மனிதரைப் பற்றித்தான் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழைப்பங்காளர் என்றார் ஒருவர். கலங்கரை விளக்கம் என்றார் இன்னொருவர். குழாயில் காற்று வந்த கதையை யாரும் சொல்லவில்லை. அது தெரிந்திருந்தால் அல்லவா அவர் யாரென்று தெரியும் என்று பஞ்சாலைக்கு எரிச்சலாக வந்தது. பேச்சுக்கு நடுவே அவள் ஓரமாக நகர்ந்து கடைக்காரர் தங்கராஜுவிடம் கேட்டாள். லைசென்சு போய்விடும் என்று அவர் குரலைத் தாழ்த்தினார். வாத்தியார் நல்லசாமி, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முருகேசுவிடம் காலையிலேயே கேட்டாயிற்று. தலைவர் சிபாரிசில் வேலைக்கு வந்தவர் அவர். நல்லவர்தான். பஞ்சாலை கேட்டதும் ஆபீசு கதவைச் சாத்திவிட்டு, பெடாஸ் ஊர்ப் பக்கம் இப்படிக் கையெழுத்துப் போட்ட கிராணி ஒருவரைப் பதினொரு நாள் விசாரணைக்கு வைத்திருந்ததைச் சொன்னார்.

"எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். குறை நினையாத, பிள்ளை."

அவளால் குறை நினைக்கவும் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

கடைசியாகப் பேசியவரும் முருகேசுதான். எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்து, அன்னார் விட்டுச்சென்ற பணியை நாம் தொடர்வோம் என்று படித்து முடித்தார். பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை என்று பஞ்சாலைக்குத் தெரிந்தது, அதனாலேயே அவள் முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

கூட்டம் முடிந்ததும் மேசைமேல் தடித்த நோட்டு ஒன்றை விரித்து வைத்தார்கள். தலைவர் வீட்டம்மா அன்னபூரணத்திடம் கொடுப்பதற்காக எல்லோரும் அதில் இரங்கல் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். தங்கராஜு சுழித்துச் சுழித்துப் போட்டார். வாத்தியார் நாலு வரி எழுதி, கீழே பெயரைப் போட்டுக் கோடும் இழுத்தார். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைக்க மைப்பெட்டியும் பேனாவுமாக மேசைக்குப் பின்னால் முருகேசு நின்றார். பஞ்சாலை வரிசையில் சேர்ந்துகொண்டாள். வெளியே லோரிக்காரன் ஆரன் அடித்தான்.

அவள் முறை வந்தபோது முருகேசு மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை. முந்தானை முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்து, பாரத்தை விரித்து நோட்டின்மேல் வைத்தாள்.

"தொடர்வோம்னு படிச்சீங்களே ஐயா. அவரு விட்டுட்டுப் போனது இதுதான்."

சத்தம் போட்டு அவள் சொல்லவில்லை. இருந்தும் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. பின்னால் நின்ற தங்கராஜு மேற்கூரையைப் பார்த்தார். யாரோ, லோரி போய்ரும்லா, சீக்கிரம் என்றார்கள். முருகேசு கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டார். பாரத்தை அவள் பக்கம் தள்ளுவார் என்று பஞ்சாலை நினைத்தாள். தள்ளினால் எடுக்கக் கூடாது என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது தடவை ஆரன் அடித்தது. லயத்துப் பெண்கள் ஓடும் சத்தம் கேட்டது. முருகேசு இடது உள்ளங்கையைப் பாரத்தின்மேல் வைத்து, நாலு மடிப்பையும் மெதுவாக நீவி நீவிச் சமமாக்கினார். பேனா இன்னும் வலது கையில் மேலேயே நின்றது. பஞ்சாலை லோரிப் பக்கம் திரும்பாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.