இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார்

மனித குலத்தின் சகல துன்பங்களுக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் முகத்துக்கு நேரே சொல்லாமல் விடுவது. இதை 1946-ஆம் வருஷம் எங்கள் கல்லூரிச் சங்கத்தில் முக்கால் மணி நேரம் நின்று நிரூபித்தேன். தலைவர் இரண்டு தடவை மணி அடித்தும் உண்மை நிற்கவில்லை. “ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவர் காதில் நான் சொன்னதில்லை, ஆயுளுக்கும் சொல்லப் போவதில்லை” என்று முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அதில் பாதிப் பேர் முடிந்ததற்காகத் தட்டினார்கள்.

இந்த உண்மையை நான் கண்டுபிடித்த ஆராய்ச்சிக்கூடம் ஆனையூரில் இருந்தது. என் அத்தை அன்னக்கொடியின் வீடு. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். படிப்புக்காக அத்தை வீட்டில் தங்கி, சைக்கிளில் கோரிப்பாளையம் வழியாக ஆற்றைத் தாண்டிக் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அத்தையும் அவள் புருஷன் கருத்தக்கண்ணன் மாமாவும் ஆறு வருஷமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அதற்காக வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை.

“தவசி, உங்க மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுய்யா” என்பாள் அத்தை. மாமா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

“சோறு போதும் மாப்ள. குழம்புல உப்பு கம்மின்னு சொல்லு.”

“கம்மின்னா போட்டுக்கிரச் சொல்லு. உப்பு அங்கனதான இருக்கு.”

நடுவில் நான் வாயே திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வேலை நடந்துவிடும். நான் இல்லாதபோது அவர்கள் மகள் முத்துத்தாய் நடுவில் நிற்பாள். அவளும் இல்லாவிட்டால் நிலைக்கதவு, ஆடு, பசுமாடு. ஒரு நாள் மாமா துண்டை மறந்துவிட்டு வயலுக்குக் கிளம்பினார். அத்தை பசுவிடம், “துண்டு கொடியில கெடக்குன்னு யாராச்சும் சொன்னா என்னா” என்றாள். மாமா திரும்பி வந்தார். துண்டை எடுத்துக்கொண்டு, பசுவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

இதைப் பற்றி ‘குடும்பத் தபால் இலாகா’ என்று கல்லூரிப் பத்திரிகையில் எழுதினேன். மாடுகளுக்குக் காக்கி உடுப்பு வழங்க வேண்டும் என்று அதில் சர்க்காருக்குச் சிபாரிசும் செய்திருந்தேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கார். கொடைக்கானலில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பலேறும்போது மாமாவுக்கு விற்றுவிட்டுப் போனது. பந்தயத்தில் ஓட்டுவதற்காகச் செய்த வண்டி. நீண்ட மூக்கு, கூரை கிடையாது, உட்கார இரண்டே இடம். சந்தைக்குப் போனால்கூட ஏழு பேராகப் போகிற குடும்பத்துக்கு அதை வாங்கியது மாமாவின் மேதைமை. ஓட்டுகிறவர் போக மிச்சம் ஓர் இடம். அதில் யார் முதலில் ஏறுவது? வயசுப்படி என்று முடிவாயிற்று. அப்போது உயிரோடிருந்த மாமாவின் தாயார் ஏறினார். பிறகு மூத்த அக்கா, அக்காவின் புருஷன், பெரியப்பா, பங்காளிகள், கோயில் பூசாரி. பூசாரிக்குப் பின்னால், நேர்ந்துவிட்ட ஒரு கிடாயும் ஏறியது. மருமகளுக்குக் கடைசி இடம்.

மூன்று வருஷம் கழித்து அத்தையின் முறை வந்தது. மேலூரில் இருக்கும் தங்கை மாயக்காள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. புதுச் சேலை கட்டி, பூ வைத்து, வாசலுக்கு வந்தால் அந்த இடத்தில் மாட்டுத் தரகர் பேயாண்டி உட்கார்ந்திருந்தார். ஒரு காளையைப் பார்த்துவிட்டு நொடியில் வந்துவிடுவதாக மாமா சொன்னார். நொடி சாயங்காலம் வரை நீண்டது.

“இனிமே நீங்களா என் மூஞ்சியப் பாத்து ஏறுன்னு சொல்லாம இதுல ஏற மாட்டேன்” என்றாள் அத்தை.

“வாயத் தொறந்து கேட்டா ஏத்தாமயா போயிருவேன்? கேக்குற வரைக்கும் வண்டி கொட்டகையிலதான்” என்றார் மாமா.

அவர் சொல்லட்டும் என்று அத்தை காத்திருந்தாள். அவள் கேட்கட்டும் என்று மாமா காத்திருந்தார். பிறகு யுத்தம் முற்றிப் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. சும்மா நின்ற வண்டிக்குச் சர்க்காரே காரணம் கொடுத்துவிட்டது.

சங்கத்தில் நான் பேசிய பிறகு வந்த தை மாசம் எங்கள் வீட்டிலிருந்து முத்துத்தாயைப் பெண் கேட்டு வந்தார்கள். எனக்குத்தான். எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு ஆட்சேபணை இல்லாமல் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முத்துத்தாய் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சைக்கிளைத் துடைப்பவன்போலக் கிணற்றடிக்குப் போனேன்.

“ஒங்க மேல ஒண்ணுமில்ல மச்சான்” என்றாள் அவள், வாளியை இறக்கிக்கொண்டே. “நான் போயிட்டா இவுக நடுவுல யாரு இருக்கா? நீங்களும் என்கூடக் கெளம்பிருவீக. ராத்திரி காய்ச்சல் அடிச்சாக்கூடக் கதவுகிட்டதான் சொல்லணும். கதவு போயி வைத்தியரையா கூட்டியாரும்? அவுக நேருக்கு நேரா பேசட்டும். மறுநாளே சரிங்கிறேன்.”

“நான் உக்கார வச்சு எடுத்துச் சொல்றேன்.”

“சங்கத்துல எடுத்துச் சொன்னீகளே, எம்புட்டுப் பேரு திருந்துனாக?”

நான் சைக்கிளைத் துடைத்தேன்.

“அந்தக் காரை ஓட வைங்க” என்றாள். “அதுலதான் மூணாவது ஆளுக்கு எடமில்ல.”

எனக்கு இப்படி ஒரு யோசனை தோன்றாததற்குக் காரணம் நான் படித்துக்கொண்டிருந்ததுதான்.

பௌதிகம் படிக்கிறவன் என்கிற தகுதியில் மாமாவிடம் போய்ச் சாவி கேட்டேன். “பெட்ரோல் கூப்பன் நான் வாங்குறேன். நீ அதை உசுப்பு, பாப்போம்” என்று வீசினார். கூட வரவில்லை.

கொட்டகையைத் திறந்தேன். டயர்கள் கோடைக் கண்மாய்போல வெடித்துக் கிடந்தன. புகைக்குழாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டாங்கியில் பெட்ரோல் வேலம்பிசினாக இறுகியிருந்தது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்த்தேன். நான்தான் சுற்றினேன், அது அசையவில்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து ஆசனத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு அத்தை வந்து வாசலில் நின்றாள். ஆறு வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. வண்டியைப் பார்க்காமல் கோழியைப் பார்த்தாள்.

“எனக்கு முன்னாடி நீயும் ஏறிட்டியாடி” என்று கோழியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

படப்பில் வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்த மாமாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே வந்தார். வெகுநேரம் அந்த ஆசனத்தையே பார்த்தார்.

“கோழியை எழுப்பாத மாப்ள. பொரிச்சு எறங்கட்டும்” என்றார். அப்புறம் எஞ்சின் மூடியைத் தூக்கினார்.

கோழி கோபிக்காதபடி வேலை செய்தோம். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்களில் விளக்கெண்ணெயும் சீமெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். மாமா தினமும் விடிந்ததும், பால் கறக்கும் முன், கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். நோயாளியின் நாடியைப் பிடிப்பதுபோல. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவார். ஒரு காலையில் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. மாமா கையைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் போய், “மாப்ளைக்கு இன்னைக்குச் சீனி போட்டே காபி குடுக்கலாம்” என்று நிலைக்கதவிடம் சொன்னார். ரேஷன் சீனி. என் படிப்புக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

குஞ்சுகள் பொரித்து இறங்கின. கோரிப்பாளையத்தில் ஒரு பாய் கடையில் பட்டாளம் கழித்த டயர்கள் கிடைத்தன. இரண்டு ஒரு அளவு, இரண்டு வேறு அளவு. மாட்டியதும் வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முட்ட வரும் காளைபோல நின்றது. பேட்டரி போனது போனதுதான்; கைப்பிடி போட்டுத்தான் கிளப்ப வேண்டும். மாமா முன்னால் நின்று சுற்றுவார். நான் உள்ளே உட்கார்ந்து, அவர் ‘மிதி’ என்றால் பெட்ரோல் பெடலை மிதிக்க வேண்டும், ‘விடு’ என்றால் விட வேண்டும். கொஞ்சம் கூடினால் எஞ்சினுக்குப் புரையேறிவிடும். கொஞ்சம் குறைந்தால் அணைந்துவிடும்.

பல நாள் சுற்றலுக்குப் பிறகு அது வெடித்தது. வைக்கோல் பறந்தது. கோழி தன் குடும்பத்தோடு பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. புகை அடங்கியபோது எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தை ஈரக் கையோடு ஓடிவந்து நின்றாள்.

“மாப்ள” என்றார் மாமா, அவளுக்கும் கேட்கும்படி. “ஓடுது, ஆனா சத்தம் பழைய மாதிரி இல்ல, தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லு.”

“ஆறு வருசம் பேசாம கெடந்தா தொண்டை கட்டத்தான் செய்யும்னு சொல்லுய்யா” என்றாள் அத்தை.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசியில் மாயக்காள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பிள்ளையின் பெரிய பாட்டியும் பாட்டனும் ஜோடியாகப் போய்ச் சீர்த்தட்டு வைக்க வேண்டும். ஒருத்தர் வந்து ஒருத்தர் வராவிட்டால், இரண்டு பேருமே வராததைவிடக் கேவலம். இதுவரை எல்லா விசேஷத்துக்கும் மாட்டுவண்டியில், நடுவில் முத்துத்தாயை உட்கார வைத்துக்கொண்டு போய்வந்தார்கள். இந்தத் தடவை முத்துத்தாய் முதல் நாளே வண்டியில் சாமான் ஏற்றினாள். பித்தளைக் குடம், அரிசி, தேங்காய், அப்புறம் நாலு மூட்டை தவிடு.

“காதுகுத்துக்குத் தவிடு எதுக்கு?” என்றேன்.

“எடத்தை அடைக்க” என்றாள்.

விடியும் முன் வண்டியோட்டி சோணை அண்ணன் மாட்டைப் பூட்டினார். மாமா என்னைக் கூப்பிட்டு, “மாப்ள, உங்க அத்தைகிட்ட...” என்று ஆரம்பித்தார். முத்துத்தாய் என் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினாள். வண்டி கிளம்பிவிட்டது.

அவர்கள் காரில் எப்படி ஏறினார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை. அத்தைக்குச் சபதத்தைவிடத் தங்கை வீட்டுச் சீர் பெரிதாகியிருக்க வேண்டும். ஒத்தக்கடையைத் தாண்டும்போது பின்னால் தடதடப்புக் கேட்டது. காரேதான். மாமா நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை மடியில் சீர்த்தட்டோடு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருவரும் போட்டோப் பிடிக்க உட்கார்ந்ததுபோல எங்களைத் தாண்டிப் போனார்கள்.

“பேசுனாகளா?” என்றாள் முத்துத்தாய்.

“வாய் அசையல.”

அவள் தவிட்டு மூட்டையில் சாய்ந்துகொண்டாள். ஒரு மைல் தூரம் மூட்டையின் சணலை இழை இழையாக உருவிக்கொண்டே வந்தாள். என்னிடம் நல்ல நல்ல வாக்கியங்கள் இருந்தன. ஒன்றும் அந்த முகத்துக்கு உதவாது என்று தெரிந்தது.

ஒரு கண்மாய்க் கரைத் திருப்பத்தில் கார் நின்றிருந்தது. பிசின் மிச்சம் குழாயை அடைத்திருக்க வேண்டும். மாமா அதை ஊதிச் சரிசெய்துவிட்டு முன்னால் வந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எஞ்சின் இருமும், அணையும். உள்ளே மிதிக்க ஆளில்லை. அத்தை தட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

நான் குதிக்கப் போனேன். முத்துத்தாய் என் கையைப் பிடித்தாள்.

“போகாதீக. போனீகன்னா ஒங்ககிட்ட ஆரம்பிச்சிருவாக.”

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சோணை அண்ணன் முகம் கழுவக் கண்மாயில் இறங்கினார். முத்துத்தாய் இறங்கி, வலத்து மாட்டின் கழுத்து மணியைச் சத்தம் வராமல் கையால் பொத்திக்கொண்டாள். நானும் இறங்கி இடத்து மாட்டின் மணியைப் பொத்திக்கொண்டேன்.

மாமா சுற்றினார். அணைந்தது. சுற்றினார். அணைந்தது. நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் தேடினார். வயல்தான் இருந்தது. ஒரு கொக்கு நின்றது. அதனிடம் சொல்வாரோ என்று பயந்தேன். கடைசியில் கண்ணாடிக்கு மேலாக அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

“மிதி” என்றார்.

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுகிற ஆசனத்துக்கு நகர்ந்தாள்.

“எம்புட்டு?” என்றாள்.

“கொஞ்சமா. கோழிக்குஞ்ச மிதிக்காம நடக்குறாப்ல.”

“இம்புட்டா?”

“அம்புட்டுத்தான். விட்ராத. விட்ராத அன்னம்.”

எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாமா கைப்பிடியோடு அப்படியே நின்றார். அப்புறம் சுற்றி வந்து, அவளுடைய இடத்துக்குரிய கதவைத் திறந்தார்.

“இந்தப் பக்கமாத் தள்ளி ஏறு” என்றார், முகத்தைப் பார்த்து.

“இதைச் சொல்ல ஆறு வருசமா?” என்றாள் அத்தை. நகர்ந்து உட்கார்ந்தாள். கார் கிளம்பியது. எஞ்சினுக்கு மேலாக அத்தையின் குரல் ரோடு முழுக்கக் கேட்டது. பேயாண்டி, புதுச் சேலை, வாடிப்போன பூ, அந்தக் காளையும் நொண்டிக் காளையாகப் போனது, எல்லாம் வரிசையாக வந்தது. மாமாவும் பதிலுக்குக் கத்தினார்.

“சண்டை போடுறாக” என்றாள் முத்துத்தாய். கண் நிறைந்திருந்தது. “நேருக்கு நேரா போடுறாக மச்சான்.”

புழுதி அடங்கியது. இதுதான் சமயம் என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள்; இந்தப் பக்கம் நான். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

குனிந்து, இடத்து மாட்டின் காதோரம், “அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுச் சொல்லு. இப்பவாச்சும் சரிதானான்னு” என்றேன்.