ஒற்றை விரல் பாதம்

தையல் மெஷினில் பாதத்தை மாற்றினால் மிதிப்பதற்கு முன்பு சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். மால்சுன் அன்று அதைச் செய்யவில்லை.

சியோல் நகரத்துச் சாங்சின் மேட்டில் வீட்டுக்கு வீடு தையல் கடைதான். ஊசிக்கடியில் துணியை அமுக்கிப் பிடிக்கிற இரும்புப் பாதம் தங்களிடம் இல்லையென்றால் எதிர்க்கடையில் இரவல் வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்குக் கைக்குழந்தைச் சட்டைகள். கழுத்தைச் சுற்றி, உள்ளே கயிறு வைத்து மடித்த பைப்பிங் பட்டி தைக்க வேண்டும். வழக்கமான இரட்டை விரல் பாதம் அதற்கு ஆகாது. பைப்பிங் கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இடப்பக்கம் மட்டும் விரல் உள்ள பாதம் வேண்டும். இரவலாக வந்ததோ வேறு கம்பெனி மெஷினுடையது, அதன் விரல் ஊசிப் பக்கமாக ஒரு மயிரிழை தள்ளியிருந்தது. கீழே சரக்கு ஏற்றிப்போகும் தோக்பே பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் பாதத்தை மாட்டித் திருகை முறுக்கினாள், மிதித்துவிட்டாள்.

'டிக், டிக்' என்று ஊசி பாதத்தில் உரசும் சத்தம் கேட்கத்தான் செய்தது. இன்னும் கொஞ்சம்தானே என்று ஓட்டினாள். கடைசிச் சட்டையில் ஊசி படீரென்று ஒடிந்தது.

ஒடிந்த ஊசியின் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, தாளில் ஒட்டி, முழு ஊசியாகக் காட்டினால்தான் சரக்கு வெளியே போகலாம். அது அந்தக் கடையின் சட்டம். மேல் பாதி கிடைத்தது. முனை இல்லை. மெஷின் மேலும் இல்லை, தரையிலும் இல்லை. பக்கத்திலேயே தைத்த சட்டைகள் குவியலாகத் திறந்து கிடந்தன.

இஸ்திரி போடும் சில்லே அந்தக் குவியலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஊசி ஒடிஞ்சிடுச்சுடி."

"ஊசிதானே! என் புருஷன் கால் ஒடிஞ்சப்பகூட நான் இப்படி நிக்கல."

சொல்லிவிட வேண்டும் என்று மால்சுன் நினைத்தாள். ஆனால் போன வருஷம் ஒருத்தி இப்படித்தான் ஊசி முனையைக் காணோம் என்று வாயைத் திறந்தாள். முதலாளி பியோ அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மால்சுன் யோசித்து முடிப்பதற்குள் சில்லே மூட்டையைக் கட்டிக் கீழே கொண்டுபோய்விட்டாள்.

தாளில் பாதி ஊசி. அதற்குக் கீழே வெற்றிடம். குழந்தையின் கழுத்து மடிப்பு கண்முன் வந்தது. அங்கே வேர்க்கும், குழந்தை அழும், பாலுக்கு அழுகிறது என்று தாய் இன்னும் இறுக்கி அணைப்பாள்.

படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கினாள். பைக் உறுமிக்கொண்டிருந்தது. மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, எறங்குக்கா! சட்டைய ஏத்தச் சொன்னாங்க, உன்னை ஏத்தச் சொல்லல!" என்றான் தோக்பே.

"நகர மாட்டேன்!"

கூச்சல் கேட்டுப் பியோ இறங்கி வந்தார். "என்ன கூத்து இது?"

"ஊசி மொனையக் காணோம், மொதலாளி. சக்கரத்தச் சுத்திப் பாக்காம மிதிச்சிட்டேன். சத்தம் கேட்டும் நிறுத்தல."

பியோ திட்டவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. மேலே போய்க் காந்தத்தை எடுத்து வந்தார். படியிலேயே மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு சட்டையாக அவள் விரிக்க, அவர் தடவிக்கொண்டே வந்தார். ஒரு கழுத்துப் பட்டியில் காந்தம் கவ்வி நின்றது. பைப்பிங்கின் மடிப்புக்குள்ளிருந்து முனை வெளியே வந்தது.

தாளில் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு துண்டுக்கும் நடுவே இன்னும் ஓர் எள்ளளவு குறைந்தது.

"இன்னைக்கு எதுவும் போகாது. வண்டிய அணை," என்றார் பியோ. பிறகு அவளைப் பார்த்தார். "உன்னை என்ன செய்யறதுன்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல மிச்சத்தத் தேடு."

தோக்பே ஹெல்மெட்டைக் கழற்றினான். மால்சுன் முதல் சட்டையை மறுபடி எடுத்துக் கழுத்தை விரித்தாள்.